இலங்கையின் பொருளாதார வீழ்ச்சி: காரணங்களும் மக்கள் பட்ட துயரமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

ஒரு குடும்பம் நொடித்துப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். முதலில் நகை அடகுக்குப் போகும். பிறகு மாடு விற்கப்படும். கடைசியில் நிலமும் பிறர் கைக்கு மாறிவிடும். ஒரு நாடே இப்படி நொடித்துப் போகுமா? போகும் என்பதை 2022-ஆம் ஆண்டில் நம் அண்டை நாடாகிய இலங்கையில் உலகம் கண்டது.

ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் மக்கள் வாழும் தீவு அது. எழுத்தறிவிலும் மருத்துவ வசதியிலும் தெற்காசிய நாடுகளுக்கு முன்மாதிரி என்று பெயர் பெற்றது. 1983 முதல் நடந்த உள்நாட்டுப் போர் 2009-இல் முடிந்துவிட்டது. மழை பொய்க்கவில்லை, கடலும் வற்றவில்லை. அப்படியிருந்தும் மக்கள் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். ஏன் இந்த நிலை வந்தது?

இலங்கை நமக்கு வெறும் அயல்நாடன்று. அந்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழரின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் நம் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். போரில் வீடிழந்து வந்தவர்களின் மறுவாழ்வு முகாம்கள் நம் திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களிலும் இருக்கின்றன. ஆகவே அவர்கள் துயரத்தை அறிந்துகொள்வது நம் கடமை.

அந்நியச் செலாவணி என்பது யாது?

இந்த வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள அந்நியச் செலாவணி என்ற ஒன்றை முதலில் அறிய வேண்டும். அதற்கு நம் ஜவ்வாது மலையையே எடுத்துக்கொள்வோம். இங்கே சாமை விளைகிறது, கேழ்வரகு விளைகிறது, புளியும் பலாவும் தேனும் கிடைக்கின்றன. ஆனால் உப்பு விளைவதில்லை. துணியும் மருந்தும் பெட்ரோலும் கீழிருந்துதான் மேலே வர வேண்டும். புளியையும் தேனையும் விற்ற பணம் கையில் இருந்தால் உப்பு வாங்கலாம். அந்தப் பணம் தீர்ந்துவிட்டால், வீட்டில் சாமை இருந்தாலும் உப்பில்லாமல்தான் உண்ண வேண்டும்.

நாடுகளின் வாணிகமும் இப்படியே நடக்கிறது. இலங்கையில் பெட்ரோலியம் கிடைப்பதில்லை. கோதுமை விளைவதில்லை. மருந்துகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. இவற்றை விற்கும் நாடுகள் இலங்கை ரூபாயை வாங்கிக்கொள்வதில்லை, டாலர் கேட்கின்றன. தேயிலையையும் ஆயத்த ஆடைகளையும் விற்றும், சுற்றுலாப் பயணிகளை வரவேற்றும், வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் தன் மக்கள் அனுப்பும் பணத்தைக் கொண்டும் இலங்கை டாலர் ஈட்டி வந்தது. அவ்வாறு சேர்ந்த இருப்பு 2019-ஆம் ஆண்டு இறுதியில் ஏறத்தாழ 760 கோடி டாலர். 2022 மார்ச்சு இறுதியில் அது 200 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதிலும் உடனே எடுத்துச் செலவிடக் கூடியது மிகமிகச் சொற்பம்.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

ஒரே காரணத்தால் ஒரு நாடு வீழ்வதில்லை. பல ஓட்டைகள் சேர்ந்துதான் படகை மூழ்கடிக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கடன். இலங்கை நெடுங்காலமாகவே வரவை மீறிச் செலவு செய்து வந்தது. இறக்குமதி எப்போதும் ஏற்றுமதியை விட மிகுதியாக இருந்தது. 2007 முதல் அனைத்துலகச் சந்தையில் கடன் பத்திரங்களை விற்று அதிக வட்டிக்குப் பணம் வாங்கத் தொடங்கியது. துறைமுகமும் விமான நிலையமும் நெடுஞ்சாலைகளும் கடனில் எழுந்தன. 2013-இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்துக்கு எதிர்பார்த்த விமானங்கள் வரவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் விடப்பட்டது. சீனக் கடன்தான் இலங்கையைக் கவிழ்த்தது என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் சீனக் கடனை விட, சந்தையில் விற்ற கடன் பத்திரங்களின் பாரமே பெரிது. கடன் கொடுத்தவர் எவராயினும், அந்தப் பணம் திருப்பிச் செலுத்தும் அளவுக்கு வருமானம் தரும் தொழிலில் இடப்பட்டதா என்பதே கேள்வி.

இரண்டாவது, வரிக்குறைப்பு. 2019 நவம்பரில் கோத்தபாய ராஜபக்ச குடியரசுத் தலைவரானார். தேர்தலில் வாக்களித்தபடி வரிகளைப் பெருமளவு குறைத்தார். 15 சதவீதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரி 8 சதவீதம் ஆயிற்று. கேட்பதற்கு இனிமையான செய்திதான். ஆனால் அரசின் வருவாய் சரிந்தது. 2021-இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 9 ரூபாய்க்கும் குறைவாகவே அரசுக்கு வருவாய் கிட்டியது. பற்றாக்குறையை ஈடுகட்ட மத்திய வங்கி புதுப் பணம் அச்சிட்டது. பொருள் பெருகாமல் பணம் மட்டும் பெருகினால் விலை ஏறும் என்பது பொருளாதாரத்தின் அரிச்சுவடி. ‘அரசாங்கமும் வரிகளும்’ என்ற நம் சமூக அறிவியல் பாடத்தைப் படிக்கும்போது, வரி எதற்கு என்று சலித்துக்கொள்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, எதிர்பாராமல் விழுந்த அடிகள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புத்தாடை உடுத்தித் திருப்பலிக்குச் சென்ற சிறுவர் சிறுமியரும் அவர்களில் இருந்தார்கள் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கிறது. அடுத்த ஆண்டே கொரோனா கொள்ளை நோய் வந்தது. 2018-இல் 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021-இல் வந்தவர்கள் 2 லட்சம் பேர் கூட இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் எண்ணெய் விலையும் கோதுமை விலையும் உலகெங்கும் உயர்ந்தன.

நான்காவது, உரத்தடை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசு தடை செய்தது. நாடு முழுவதும் இயற்கை வேளாண்மைக்கு மாற வேண்டும் என்றது. உரத்துக்குச் செலவாகும் டாலர் மிச்சமாகும் என்பதும் உள்நோக்கம். நாம் இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். தொழுவுரம் தீயதன்று. நம் மலையில் சாமை பெரும்பாலும் ஆட்டெருவிலும் மாட்டெருவிலும்தான் விளைகிறது. ஆனால் இரசாயன உரத்துக்குப் பழகிய வயலை ஒரே பருவத்தில் மாற்ற முடியாது. மாற்று உரம் போதிய அளவில் கையிருப்பில் இல்லை; விவசாயிக்குப் பயிற்சியும் இல்லை. படிப்படியாகச் செய்ய வேண்டியதை ஓர் ஆணையில் செய்யப் பார்த்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பருவம் கடந்துவிட்டது. 2022-இல் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022-இல் ஏறத்தாழ 25 கோடி கிலோ ஆயிற்று. உரத்தில் மிச்சம் பிடிக்க நினைத்த டாலர், அரிசி இறக்குமதியில் போயிற்று.

ஐந்தாவது, காலந்தாழ்த்தியமை. ஒரு டாலருக்கு 200 ரூபாய் அளவிலேயே நாணய மதிப்பைப் பிடித்து வைத்திருந்தார்கள். பன்னாட்டு நிதியத்திடம் உதவி கேட்கத் தயங்கினார்கள். 2022 சனவரியில், கையிருப்பு கரைந்துகொண்டிருந்த வேளையிலும், 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குப் பணம் கட்டினார்கள். மார்ச்சு மாதம் பிடி தளர்ந்தபோது ரூபாயின் மதிப்பு அணை உடைந்தது போல் சரிந்தது. மே மாதத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 360 ரூபாய். ஏப்ரல் 12-ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இலங்கை அறிவித்தது. அன்று வெளிக்கடன் ஏறத்தாழ 5,100 கோடி டாலர். 1948-இல் விடுதலை பெற்ற பின் அந்நாடு கடன் தவணை தவறியது அதுவே முதல் முறை.

மக்கள் பட்ட துயரம்

இதுவரை கண்டவை கணக்குகள். இனி, அந்தக் கணக்குகள் வீடுகளுக்குள் நுழைந்து என்ன செய்தன என்று பார்ப்போம்.

2021 திசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒரு லிட்டர் பெட்ரோல் 2022 சூன் இறுதியில் 470 ரூபாய் ஆயிற்று. அந்த விலைக்கும் எளிதில் கிடைக்கவில்லை. ஆட்டோ ஓட்டுநர்கள் நாள்கணக்கில் வரிசையில் வண்டியை நிறுத்தி அதிலேயே உறங்கினார்கள். கொளுத்தும் வெயிலில் எண்ணெய்க்காக நின்ற முதியவர்கள் சிலர் வரிசையிலேயே மயங்கி விழுந்து இறந்தார்கள். எரிவாயு இல்லாமல் நகரத்துப் பெண்கள் விறகு தேடினார்கள். விறகடுப்பின் புகை நம் தாய்மார்களுக்குப் பழக்கமானது. மாடிக் கட்டடத்தின் சிறு அறையில் வாழ்பவர்கள் எங்கே அடுப்பு மூட்டுவார்கள்?

2022 மார்ச்சு இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார்கள். அதே மாதம் மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகள் தள்ளி வைக்கப்பட்டன. காரணம், வினாத்தாள் அச்சிடக் காகிதம் இல்லை! காகிதம் வாங்க டாலர் இல்லை. தேர்வு தள்ளிப் போனால் மகிழ்ச்சிதானே என்று நம்மில் சிலர் விளையாட்டாகச் சொல்லக்கூடும். மாதக்கணக்கில் படித்துக் காத்திருந்த நம் வயதுப் பிள்ளைகளின் மனநிலையை எண்ணிப் பாருங்கள், தோழியரே. பின்னர் சூன், சூலை மாதங்களில் ஆசிரியர்கள் வந்து சேர எரிபொருள் இல்லாமல் பள்ளிகளே மூடப்பட்டன.

மருத்துவமனைகளின் நிலை இன்னும் கொடியது. மருந்து இல்லாமல் பேராதனை மருத்துவமனையில் முன்பே நாள் குறித்த அறுவை சிகிச்சைகள் மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்டன. உயிர் காக்கும் மருந்துகளை அனுப்புங்கள் என்று மருத்துவர்கள் உலகத்தை வேண்டிக்கொண்டார்கள்.

2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன் இருந்ததைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. கூலி இருமடங்காகவில்லை. உலக உணவுத் திட்டத்தின் கணக்குப்படி 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போதிய உணவு உறுதியாக இல்லை. ஒரு வேளை உணவைக் குறைத்த குடும்பங்கள் ஏராளம். அப்படிக் குறைக்கும்போது யார் தட்டில் முதலில் குறையும் என்பதைப் பெண்களாகிய நாம் அறிவோம். தாய் உண்ணாமல் பிள்ளைக்கு வைப்பாள்.

ஏற்கனவே எளியவர்களாக இருந்தவர்களை இந்த இடி மிகுதியாகத் தாக்கியது. மலையகத் தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி 2021-இல்தான் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கோதுமை மாவு ரொட்டிதான் அவர்களுடைய அன்றாட உணவு; அந்த மாவின் விலை சில மாதங்களில் பன்மடங்கு ஏறியது. யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களுக்கு மண்ணெண்ணெய் இல்லை. 2022 ஆகஸ்டில் அதன் விலை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. கடல் எதிரிலேயே இருந்தும் படகுகள் கரையில் கிடந்தன.

வாழ வழியற்றவர்கள் புறப்படத் தொடங்கினார்கள். 2022 மார்ச்சு 22-ஆம் நாள், கைக்குழந்தை உட்பட 16 ஈழத் தமிழர்கள் படகுகளில் தனுஷ்கோடி அருகே வந்து சேர்ந்தார்கள். மண்டபம் முகாமில் அவர்கள் தங்க வைக்கப்பட்டார்கள். போரின்போது குண்டுக்கு அஞ்சி வந்த கடல் வழியில் இம்முறை பசிக்கு அஞ்சி வந்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி முறைப்படி வெளிநாடு சென்றார்கள். அவர்களில் தாய்மார்களும் உண்டு. அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளின் ஏக்கத்தை எந்தப் புள்ளி விவரமும் சொல்லாது.

உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, 2021-இல் நூற்றுக்கு 13 பேர் வறுமையில் இருந்த நாட்டில் 2022-இல் நூற்றுக்கு 25 பேர் வறியவர் ஆயினர்.

மக்கள் எழுச்சி

பொறுமைக்கும் எல்லை உண்டு. 2022 ஏப்ரல் 9 முதல் கொழும்பு காலிமுகத் திடலில் மக்கள் கூடாரமடித்து அறப்போராட்டம் தொடங்கினர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அங்கே ஒன்றாக நின்றனர். புத்த பிக்குகளும், கத்தோலிக்கக் குருக்களும், அருட்சகோதரிகளும் மக்களோடு இருந்தனர். மே 18-ஆம் நாள், முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக அதே திடலில் விளக்கேற்றிக் கஞ்சி வழங்கினர். பல ஆண்டுகளாகத் தமிழர் மட்டும் சுமந்த துயரை, வரிசையில் நின்ற சிங்கள இளைஞர் சிலரும் நினைத்துப் பார்த்த நாள் அது. போரின்போது பொருளாதாரத் தடையால் மின்சாரமும் எரிபொருளும் இல்லாமல் பல்லாண்டு வாழ்ந்தவர்கள் வடக்கு மக்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

மே 9-ஆம் நாள் பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். அன்று நடந்த வன்முறையில் உயிர்கள் பலியாயின, வீடுகள் எரிந்தன. சூலை 9-இல் மக்கள் வெள்ளம் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் புகுந்தது. கோத்தபாய ராஜபக்ச நாட்டை விட்டு வெளியேறி, சூலை 14-இல் பதவி விலகினார். ரணில் விக்கிரமசிங்க அடுத்த தலைவரானார். இந்தப் பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ச சகோதரர்களும் உயர் அதிகாரிகள் சிலரும் பொறுப்பு என்றும், மக்கள் வைத்த நம்பிக்கையை அவர்கள் மீறினர் என்றும் 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உதவிக் கரங்கள்

துயர வேளையில் நம் இந்தியா 2022-இல் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனுதவியும் பிற உதவியும் அளித்தது. நம் தமிழக அரசும் 40,000 டன் அரிசியும், 500 டன் பால் பவுடரும், மருந்துகளும் அனுப்ப முன்வந்தது. இதற்கெனச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. முதற் கப்பல் 2022 மே 18-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல், அல்லலுறும் இலங்கை மக்கள் அனைவருக்கும் என்று அனுப்பியதே இதன் சிறப்பு.

2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் தந்தது. அதற்குரிய நிபந்தனைகளும் வந்தன. மின் கட்டணம் உயர்ந்தது. முன்பு 8 ஆகக் குறைந்த அதே வரி 2024 சனவரியில் 18 சதவீதம் ஆயிற்று. குறைத்தபோது பெரும் பயன் பெற்றவர்கள் வசதியுள்ளவர்கள். உயர்த்தியபோது ஏழையின் சோப்பு முதல் செருப்பு வரை விலை ஏறியது. விலைவாசி ஏற்றம் 2023 நடுவில் தணிந்தது. 2024-இல் பொருளாதாரம் மீண்டும் வளரத் தொடங்கியது. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் ‘டிட்வா’ புயல் தாக்கி 600-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. எழுந்து நிற்க முயலும் நோயாளியை மீண்டும் கீழே தள்ளியது போலாயிற்று.

நாம் கற்க வேண்டிய பாடங்கள்

இலங்கையைப் பார்த்து நாம் பெருமை கொள்ள இடமில்லை. நம் இந்தியாவும் 1991-இல் இந்தப் பள்ளத்தின் விளிம்பு வரை சென்றது. ஏறத்தாழ மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி இருந்தது. ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்துத்தான் நம் நாடு தப்பியது. ஜெர்மனியில் 1923-இல் பணம் காகிதத்தை விட மலிவாயிற்று. ஜிம்பாப்வேயில் 2009-இல் நூறு லட்சம் கோடி டாலர் என்று அச்சிட்ட ஒற்றை நோட்டே வெளியாயிற்று. எனவே இது எந்த நாட்டுக்கும் வரக் கூடியதே.

பழைய ஏற்பாட்டில் யோசேப்பு எகிப்து அரசனுக்குச் சொன்ன ஆலோசனையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலின் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து வைத்ததால், பஞ்சமான ஏழு ஆண்டுகளில் மக்கள் பிழைத்தார்கள். இலங்கையில் செழிப்பான காலத்தில் சேமிப்பு இல்லை, கடன்தான் இருந்தது. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று நம் பெரியவர்கள் சொல்வது வீட்டுக்கு மட்டுமன்று, நாட்டுக்கும் பொருந்தும்.

இரண்டாவது பாடம், உண்மையைச் சொல்லும் துணிவு. உரத்தடை ஆகாது என்று வேளாண் அறிஞர்கள் முன்னரே எச்சரித்தார்கள். வரிக்குறைப்பு ஆகாது என்று பொருளாதார அறிஞர்கள் எச்சரித்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. இலவச வாக்குறுதி இனிக்கிறது என்று மக்களும் ஆராயாமல் வாக்களித்தார்கள். இன்னும் மூன்று ஆண்டுகளில் நமக்கும் வாக்குரிமை வரும். இந்தப் பணம் எங்கிருந்து வரும், யார் திருப்பிக் கட்டுவார் என்று கேட்க நாம் இப்போதே பழக வேண்டும்.

மூன்றாவது பாடம், அடிப்படை உணவைக் கைவிடாமை. வெளியிலிருந்து வரும் கோதுமை நின்றபோது, தன் நிலத்தில் மரவள்ளியும் பலாவும் வைத்திருந்த குடும்பம் ஓரளவு தாக்குப் பிடித்தது. சாமையைச் சிறுதானியம் என்று நாம் சிறுமையாக எண்ண வேண்டாம்.

முடிவுரை

நாட்டை ஆண்டவர்கள் செய்த முடிவுகளுக்கு, அம்முடிவுகளில் எந்தப் பங்கும் இல்லாத ஆட்டோ ஓட்டுநரும், கொழுந்து பறிக்கும் தாயும், தேர்வுக்குக் காத்திருந்த மாணவியும் விலை கொடுத்தார்கள். பொருளாதாரம் என்பது அறிஞர்களுக்கு மட்டும் உரிய கலை என்று நாம் ஒதுக்கிவிட்டால், அந்த விலையை நாளை நாமும் கொடுக்க நேரிடும். ஆகவே வரவறிந்து செலவு செய்யவும், கேள்வி கேட்கவும், பசித்தவர் எந்த மொழி பேசினாலும் பகிர்ந்துண்ணவும் கற்போமாக. இலங்கையின் வீடுகளில் மீண்டும் மூன்று வேளையும் அடுப்பெரிய இறைவனை வேண்டுவோமாக.